சீட்டைத் தொலைத்தவர்களின் பட்டியல்

போன மாதம் தபாலில் ஒரு மலர் வந்தது. நான் இருபத்தாறு வருடம் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் ஆண்டு விழா மலர். வழவழப்பான தாள், நல்ல அச்சு. நடுப்பக்கம் ஒன்றில் எங்கள் கணிப்பொறிப் பிரிவைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. கன்னடத்தில் இருந்ததைத் தமிழில் தருகிறேன்: "தொண்ணூறுகளிலேயே தன்னார்வலர்கள் ஏழு பேரின் தன்னலமற்ற உழைப்பால் தானாக இயங்கும் வேகச் சோதனை ஒன்றை அமைத்து, அதன் அடிப்படையில் மென்பொருளைத் தேர்ந்தெடுத்த முன்னோடி நிறுவனம் நம்முடையது." பக்கத்திலேயே அன்றைய நிர்வாக அதிகாரி சம்பத் சாரின் படம். ஏழு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை.

மறுநாளே ரக்ஷிதா போன் செய்தாள். நான் உட்கார்ந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள். புது மென்பொருள் வாங்கப் போகிறார்களாம். "மேடம், வாலண்டியர்ஸ எப்படி கோஆர்டினேட் பண்ணீங்கன்னு ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. நம்ம டீமுக்கு இன்ஸ்பயரிங்கா இருக்கும்" என்றாள். எழுதுகிறேன் என்றேன். இரண்டு பக்கத்தில் அடங்காது. அவள் கேட்ட மாதிரியும் இருக்காது.

என் அப்பா ரயில்வே உத்தியோகத்துக்காக மைசூர் வந்தவர். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, பெங்களூரில் ஒரு வருடம் கணிப்பொறிப் படிப்பு முடித்துத் திரும்பி, இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஒரு அறக்கட்டளை நடத்துகிற பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். முதல் எட்டு வருடம் சம்பளப் பட்டியல் அச்சடித்தேன், மருந்து இருப்பு அச்சடித்தேன், பிரிண்டரில் தாள் சிக்கினால் எடுத்துவிட்டேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது பதிவுக் கவுண்டரைப் பற்றி. அங்கே ஆறு ஜன்னல்கள். புதிதாக வருகிற நோயாளிக்கு ஒரு எண் கொடுத்து, அதை ஒரு அட்டையில் எழுதித் தருவார்கள். எல்லோரும் அதைச் சீட்டு என்பார்கள். அடுத்த முறை சீட்டைக் காட்டினால் ஆவண அறையிலிருந்து அவருடைய பழைய ஃபைல் மேலே வரும். என்ன வியாதி, என்ன மருந்து, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்பதெல்லாம் அந்த ஃபைலில்தான். சீட்டைத் தொலைத்துவிட்டு வந்தால் ஃபைல் இல்லை. பெயரை வைத்துத் தடித்த பேரேடுகளில் தேட வேண்டும். தேடி முடிப்பதற்குள் டாக்டர் எழுந்து போயிருப்பார்.

மூன்றாவது ஜன்னலில் சரசு இருந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம், ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரி. அந்தப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் நேராக அவள் ஜன்னலுக்கே வருவார்கள், தமிழில் பேசலாம் என்று. மென்பொருள் வாங்கப் போகிறோம் என்ற செய்தி பரவியதும் அவள் என் அறைக்கு வந்தாள்.

"மேடம், சீட்டு இருக்கறவங்களுக்கு எந்த மிசினும் வேண்டாமுங்க. நானே ரெண்டு நிமிசத்துல எடுத்துக் கொடுத்துருவேன். சீட்டைத் தொலைச்சுப்போட்டு வர்றாங்க பாருங்க, அவியளுக்குத்தான் மிசின் வேணும். அதை மட்டும் கவனிச்சு வாங்குங்க."

இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் தேவையைச் சொன்னதில்லை, அதற்கு முன்னும் பின்னும்.

இரண்டு கம்பெனிகள் வந்தன. முதல் கம்பெனியின் ஆட்கள் டை கட்டியிருந்தார்கள். இரண்டாவது கம்பெனியில் மொத்தமே நான்கு பேர். இரண்டு கம்பெனியும் தங்கள் மென்பொருளை ஓட்டிக் காட்டின, இரண்டும் பறந்தன. ஏன் பறக்காது? உள்ளே நூறு பெயர்தான் இருந்தது. எங்களிடம் இருந்ததோ பல வருடத்துப் பேரேடுகள். ஆறு ஜன்னலிலும் ஒரே நேரத்தில் தட்டினால், அத்தனை பெயருக்கு நடுவில் ஒரு பெயரைத் தேடினால் எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்க்காமல் வாங்கக் கூடாது என்று சம்பத் சாருக்கு எழுதினேன்.

சம்பத் சாரைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெதுவாகப் பேசுவார். ஒருவரையும் கடிந்துகொண்டதில்லை. மேஜைமேல் பேனா இருக்கும், எடுக்க மாட்டார். எந்தக் குறிப்பு போனாலும் ஓரத்தில் பென்சிலால் ஒரே வார்த்தை எழுதித் திருப்பி அனுப்புவார். 'பேசவும்.' போய்ப் பேசினால் முடிவைச் சொல்லுவார். அந்த முடிவை நாம் நம் குறிப்பாக, நம் கையெழுத்தோடு எழுத வேண்டும். பிறகு அவர் பென்சிலை அழித்துவிட்டு, கீழே சின்னதாகக் கையெழுத்துப் போடுவார். ஃபைலைப் புரட்டினால் எல்லாம் கீழே இருப்பவர்கள் சொன்னதாகவும், அவர் ஒப்புக்கொண்டதாகவும் மட்டுமே இருக்கும். இன்னொன்று, கூட்டங்களில் என்னோடு ஆங்கிலமோ கன்னடமோதான் பேசுவார். அவரும் தமிழ்க் குடும்பம்தான். எழுத்தில் வரக் கூடாத விஷயம் என்றால் மட்டும் தமிழுக்கு மாறுவார். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒன்பது வருடம் ஆயிற்று.

அன்றும் 'பேசவும்' வந்தது. போனேன்.

"நல்ல ஐடியா தேவகி. ஆனா ஆள் போட முடியாது. நீங்களே யாராவது வாலண்டியர்ஸ் பிடிச்சுப் பண்ணுங்க. சர்வீஸ் மைண்ட் இருக்கறவங்க ஊர்ல நிறைய பேர் இருக்காங்க."

பிடித்தேன். பாலிடெக்னிக்கில் லேப் இன்ஸ்டிரக்டராக இருந்த கோபி, அவனிடம் படித்த இரண்டு பேர், மண்டி மொஹல்லாவில் டைப்ரைட்டிங் பள்ளி ஒன்றில் சொல்லிக்கொடுத்த இரண்டு பெண்கள், தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், சரசு. மொத்தம் ஏழு. ஐந்து மாதம், ஒரு ஞாயிறு விடாமல்.

தன்னார்வலர்களை ஒருங்கிணைப்பது எப்படி என்றுதானே ரக்ஷிதா கேட்டாள். அதிகாரம் இல்லாமல் வேலை வாங்குவது என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது வாரமே அது பொய் என்று தெரிந்தது. டைப்பிங் பெண்களில் ஒருத்தி, ஒரு ஞாயிறு முழுக்க ஊர்ப் பெயர் வர வேண்டிய இடத்தில் கணவன் பெயரை அடித்து வைத்திருந்தாள். நான் என் ஆபீஸ் குரலில் கத்திவிட்டேன். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இரண்டு வாரம் வரவில்லை. மண்டி மொஹல்லா சந்துகளில் விசாரித்து விசாரித்து, அரிசிக் கடைக்கு மேலே இருந்த அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பிடி மேடம்" என்று, அதாவது விட்டுவிடுங்கள் என்று, கன்னடத்தில் சொல்லி, மறு ஞாயிறு வந்தாள். அவளுடைய ஞாயிற்றுக்கிழமை அவளுடையது. அதை அவள் நம்மை நம்பித் தருகிறாள். இதற்குமேல் அந்தக் கலையில் எனக்கு எதுவும் தெரியாது.

வேலையைச் சொல்கிறேன், கொஞ்சம் விவரமாகவே. ஏனென்றால் அது நல்ல வேலை.

முதலில் கவுண்டரைக் கவனித்தோம். தொலைபேசித் துறைப் பெரியவர் கைக்கடிகாரத்தோடு ஜன்னல்களுக்குப் பின்னால் ஒரு வாரம் உட்கார்ந்தார். ஒரு பெயரை அடிக்க எத்தனை விநாடி, எங்கே நிறுத்தி முகத்தைப் பார்த்து "என்ன ஊர்?" என்று கேட்கிறார்கள், எத்தனை முறை தப்பாக அடித்து அழிக்கிறார்கள் என்று எல்லாவற்றையும் குறித்தார். கோபி அதை நிரலாக எழுதினான். பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு பழைய கணிப்பொறியை இரவல் வாங்கி, ஆறு கேபிள்களால் எங்கள் சர்வரோடு இணைத்தான். அந்த ஒரு இயந்திரம் ஆறு குமாஸ்தாக்கள் மாதிரி நடிக்கும். அவர்கள் மாதிரியே நிறுத்தி நிறுத்தித் தட்டும், தப்பு செய்யும், திருத்தும், பதில் வரக் காத்திருக்கும், காத்திருந்த நேரத்தைப் பதியும்.

மனிதர் யாரும் தொடக் கூடாது என்பது கோபியின் பிடிவாதம். "நாம உக்காந்து தட்டினா நமக்குப் பிடிச்ச கம்பெனிக்கு வேகமாத் தட்டுவோம் மேடம். தெரியாமலே பண்ணுவோம், இல்லையா?" என்றான். அதனால் எல்லாம் தானாக நடந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆபீஸ் மூடியதும் இயந்திரமே தொடங்கும். முதலில் தரவை ஆரம்ப நிலைக்கு மீட்கும். பிறகு முதல் கம்பெனியின் மென்பொருளை ஓட்டும், மறுபடி மீட்கும், இரண்டாவதை ஓட்டும். நடுவில் கரண்ட் போயிருந்தால் அந்த ஓட்டம் செல்லாது என்று அதுவே அச்சடிக்கும். காலை எட்டு மணிக்கு நான் வரும்போது பிரிண்டரிலிருந்து தாள் மடிந்து மடிந்து தரையில் கிடக்கும். பெஞ்ச்மார்க் என்றால் இதுதான். ஒரே வேலையை, ஒரே நிலையில், எல்லோருக்கும் ஒரே மாதிரி கொடுத்து அளப்பது.

உண்மையான நோயாளிகளின் பெயர்களைப் பயன்படுத்தவில்லை. பெயர்களையும் ஊர்களையும் தனித்தனியாக அடித்து, கோபியின் நிரல் அவற்றைக் கலந்து ஆயிரக்கணக்கான பொய் நோயாளிகளை உண்டாக்கியது. ஆனால் அதற்குள் ஒரு இருநூறு பேரைச் சரசு கையால் உருவாக்கினாள். சீட்டைத் தொலைத்தவர்கள். ஒருமுறை பழனியம்மா என்று பதிந்து, அடுத்த முறை பழனம்மா என்று சொல்லுகிறவர். தமிழில் ஒரு பெயரும் கன்னடக் குமாஸ்தா காதில் வேறு பெயருமாக ஆனவர். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரிலும் பின்பு புருஷன் பெயரிலும் வந்தவர். ஊரைக் கேட்டால் பஸ் நிற்கும் இடத்தைச் சொல்லுகிறவர். "இவியள்லாம் என்ற ஜன்னலுக்கு வந்தவங்கதானுங்க. பேரை மட்டும் மாத்திப்போட்டேன்" என்றாள். அந்தப் பட்டியல்தான் சோதனையின் உயிர். அதைக் கம்பெனிகளுக்குக் காட்டுவதில்லை என்று நாங்கள் எட்டுப் பேரும் முடிவு செய்திருந்தோம். கேள்வித்தாளை யாரும் முன்னாலேயே காட்டுவதில்லை.

முதல் முழு ஓட்டத்தின் முடிவு வந்தது. சீட்டு தொலைத்தவரைத் தேட முதல் கம்பெனிக்கு நாற்பது விநாடிக்கு மேல். இரண்டாவதுக்கு ஒன்பது. மூன்று நாள் ஓட்டினோம், மாறவில்லை. எழுதி அனுப்பினேன். 'பேசவும்.'

சம்பத் சார் கதவைச் சாத்தச் சொன்னார். தமிழில் ஆரம்பித்தார்.

"பாவம், அவங்க பெரிய கம்பெனி. எங்க சறுக்கறோம்னு தெரிஞ்சாத்தானே சரி பண்ணுவாங்க? அந்த இருநூறு பேர் லிஸ்டை அவங்ககிட்ட கொடுத்துடுங்க."

"சார், அது கேள்வித்தாள் மாதிரி. கொடுத்துட்டா சோதனைக்கு அர்த்தமே இல்ல."

"இது என்ன பரீட்சையா தேவகி? நாளைக்கு நோயாளிக்கு நல்லது நடக்கணும், அவ்வளவுதான். இன்னொரு கம்பெனிக்கும் கொடுத்துடலாம். அதை நான் பாத்துக்கறேன்."

"எழுத்துல ஒரு உத்தரவு கொடுத்தீங்கன்னா—"

சிரித்தார். "நமக்குள்ள எழுத்து எதுக்கு? இந்த ஊர்ல தமிழ் பேசறவங்க நாமளே ஒருத்தரை ஒருத்தர் நம்பலைன்னா எப்படி?"

கொடுத்தேன். ஃப்ளாப்பியில் பதிந்து, உறையில் போட்டு, என் கையாலேயே முதல் கம்பெனியின் ஆளிடம் கொடுத்தேன். ஏழு பேரிடமும் சொல்லவில்லை. இன்றைக்கு சம்பத் சாரை நினைத்தால் கோபம் வருகிறது. ஆனால் அந்த உறையை ஒட்டிய கையை நினைத்தால் வருகிற கோபத்துக்கு அது ஈடாகாது. அவர் மிரட்டவில்லை. என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

மூன்று வாரம் கழித்து முதல் கம்பெனி புதுப் பதிப்பைக் கொண்டுவந்தது. அன்று சாயங்காலம் ஓட்டம். காலையில் தாளைக் கிழித்துப் பார்த்தேன். நாற்பது விநாடி ஆன தேடல் இரண்டு விநாடியில் முடிந்திருந்தது. இருநூறு பேரும். ஒருவர்கூட விடாமல். வழக்கம்போல ஒரு நகலைச் சம்பத் சாருக்கு அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அந்தத் தாளைச் சுற்றி நின்றார்கள். டைப்பிங் பெண்கள் கை தட்டினார்கள். கோபி மட்டும் தட்டவில்லை. எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தான்.

"மேடம், சுலபமான பேருக்கும் ரெண்டு செகண்ட், கஷ்டமான பேருக்கும் ரெண்டு செகண்ட். தேடினா அப்படி வராது."

சரசு ஒரு டெர்மினல் முன்னால் போய் உட்கார்ந்தாள். தன் பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடித்தாள். பழனியம்மா, ராமாபுரம். சட்டென்று வந்தது. அதே பெயரை, ஊரை மட்டும் பக்கத்து ஊராக மாற்றி அடித்தாள். அந்த ஆளும் எங்கள் தரவில் உண்டு, ஆனால் பட்டியலில் இல்லை. திரை அப்படியே நின்றது. தொலைபேசித் துறைப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாற்பத்தாறு" என்றார்.

"இன்னொண்ணு பாக்கறேனுங்க." பட்டியலில் உள்ள இன்னொரு பெயர், வந்தது. அதில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாள், நின்றது.

கோபி நாற்காலியில் சாய்ந்தான். "இருநூறு பதிலையும் உள்ள எழுதி வச்சிருக்காங்க. கேள்வி வந்தா தேடறதில்ல, எழுதி வச்சதைப் படிக்கறாங்க." பிறகு என்னைப் பார்த்தான். "ஆனா அவங்களுக்கு எப்படித் தெரியும் நம்ம கேள்வி?"

நான்தான் கொடுத்தேன் என்றேன்.

சரசு திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "ஏனுங்க மேடம்?"

பதில் சொன்னேன். சம்பத் சார் சொன்னார் என்று சொன்னேன். அது பதில் இல்லை என்று எனக்கே கேட்டது.

மறுநாள் முழுவதையும் எழுதி, கார்பன் நகல் எடுத்துக்கொண்டு, நேரே அவர் அறைக்குப் போனேன். இந்த முறை அவர் கதவைச் சாத்தச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பேசினார். அறங்காவலர் குழு வெள்ளிக்கிழமையே கூடி முதல் கம்பெனியைத் தேர்ந்தெடுத்துவிட்டது என்றார். எதன் அடிப்படையில் என்று கேட்டேன். ஃபைலைத் திருப்பிக் காட்டினார்.

இரண்டு விநாடி என்று அச்சான தாளின் நகல் அதில் இருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வாட்ச்மேன் உள்ளே விடவும், கேன்டீனில் டிபன் டோக்கன் கொடுக்கவும் வாசலில் நான் வைத்திருந்த வருகைப் பதிவேட்டின் பக்கம். தலைப்பில் என் கையெழுத்திலேயே 'பெஞ்ச்மார்க் சோதனை, கலந்துகொண்டோர்' என்று இருந்தது. கீழே ஏழு கையெழுத்து. மேலே இணைத்திருந்த குறிப்பு, 'சுதந்திரமான தன்னார்வலர்கள் எழுவர் சோதித்துக் கையொப்பமிட்டுப் பரிந்துரைத்தது' என்றது. டிபன் டோக்கனுக்காகப் போட்ட கையெழுத்துகள் அவை.

இரண்டாவது கம்பெனிக்குப் பட்டியல் போகவே இல்லை என்பதும் அன்றுதான் தெரிந்தது. என் குறிப்பை வாங்கி மேஜைமேல் வைத்தார். அது ஃபைலுக்குள் போகவில்லை.

நான் அறங்காவலர்களிடம் போயிருக்க வேண்டும். போகவில்லை. பயம். ஞாயிற்றுக்கிழமை கோபியிடம் கையெழுத்து விஷயத்தைச் சொன்னேன். அவன் தன் கேபிள்களைக் கழற்றிச் சுருட்டினான். "நீங்க கூப்பிட்டீங்கன்னுதான் வந்தோம் மேடம். ஆஸ்பத்திரியை யாருக்குத் தெரியும்?" என்றான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை. மற்றவர்களும் வரவில்லை. சரசுவுக்கு மட்டும் வராமல் இருக்க வழியில்லை. அது அவள் வேலை செய்கிற இடம்.

மென்பொருள் கவுண்டருக்கு வந்தது. மழைக்காலம், காய்ச்சல் காலம். ஆறு ஜன்னலும் ஒரே நேரத்தில் தட்ட, தேடலுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆயிற்று. வரிசை வாசலைத் தாண்டி மழையில் நின்றது. சம்பத் சார் ஒருநாள் ஜன்னல்களுக்குப் பின்னால் வந்து, ஒவ்வொருவரிடமும் குனிந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், சீட்டு இல்லாதவருக்குப் புது நம்பர் போடுங்கள். எழுத்தில் இல்லை.

புது நம்பர் என்றால் புது ஃபைல். வெற்று ஃபைல்.

பொன்னம்மா என்று ஒரு பெண், கொள்ளேகால் பக்கம் விவசாயக் குடும்பம். கடும் காய்ச்சலோடு கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். சீட்டு இல்லை. சரசு பெயரை அடித்தாள், திரை நின்றது. பின்னால் நின்றவர்கள் கத்தினார்கள். இரண்டாவது தடவையும் அடித்தாள். பிறகு சொன்னபடி புது நம்பர் போட்டாள். கீழே ஆவண அறையில், பொன்னம்மாவின் பழைய ஃபைலின் முதல் பக்கத்தில், சிவப்பு மையில், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதியிருந்தது. அது கல்யாணத்துக்கு முன்பு நடந்தது, கணவருக்குத் தெரியாது. பொன்னம்மாவுக்குப் பேசும் நிலை இல்லை. ஊசி போட்டார்கள்.

பிழைத்துவிட்டார். பதினோரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்தார்.

பன்னிரண்டாம் நாள் சரசுவுக்கு மெமோ வந்தது. 'பழைய பதிவைத் தேடாமல் அலட்சியமாகப் புதிய எண் வழங்கியது ஏன்?' அந்த மெமோ மையில் எழுதப்பட்டிருந்தது. சம்பத் சாரின் முழுக் கையெழுத்தோடு.

அவள் அதை என்னிடம் கொண்டுவந்தாள். அழவில்லை. "என்னைய வேலைய விட்டு எடுத்தா எடுக்கட்டுமுங்க. ஆனா நான் தேடாம விட்டேன்னு எழுதியிருக்குதே, அதைப் பொறுக்க முடியலீங்க. நான் ரெண்டு தடவை தேடினேன்."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். ஒரு அறங்காவலர், ஒரு மூத்த டாக்டர் அம்மா, ஒரு வக்கீல். சம்பத் சார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் யாரும் கூப்பிடாமல் போனேன். அச்சுத் தாள்களை இரண்டு அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, கார்பன் நகலை மேலே வைத்துக் கொண்டுபோனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். பட்டியலைக் கொடுத்தது நான் என்றேன்.

"யார் சொல்லி?" என்றார் வக்கீல்.

"சம்பத் சார் சொல்லி."

"எழுத்தில் இருக்கிறதா?"

"இல்லை."

சம்பத் சார் வருத்தமான முகத்தோடு, ஆங்கிலத்தில், நான் கடந்த சில மாதங்களாக மிகுந்த வேலைப் பளுவில் இருந்ததாகவும், தன்னார்வலர்களைச் சமாளிக்க முடியாமல் குழம்பிப் போயிருக்கலாம் என்றும் சொன்னார். என்னைக் காப்பாற்றுகிற குரலில் சொன்னார். அந்தக் குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

டாக்டர் அம்மா எழுந்து, "கவுண்டருக்குப் போகலாம்" என்றார். போனோம். சரசுவின் ஜன்னல். பட்டியலில் உள்ள ஒரு பெயரை நான் சொன்னேன், அவரே அடித்தார். உடனே வந்தது, அப்படி ஒரு நோயாளியே இல்லாதபோதும். பிறகு பொன்னம்மாவின் பெயரையும் ஊரையும் அடித்தார். காத்திருந்தார். வக்கீல் காத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே சட்டை நனைந்த ஒரு கிழவர் உள்ளே எட்டிப் பார்த்து, ஏன் எல்லோரும் சும்மா நிற்கிறீர்கள் என்று கன்னடத்தில் கேட்டார். டாக்டர் அம்மா அவருக்குப் பதில் சொல்லி, அவருடைய இருமல் எத்தனை நாளாக என்று விசாரித்து முடித்துத் திரும்பியபோதும் திரை அப்படியே இருந்தது.

சரசுவின் மெமோவைத் திரும்பப் பெறவில்லை. 'எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு' என்று மாற்றினார்கள். அவள் அதில் கையெழுத்துப் போட மறுத்தாள், கடைசிவரை போடவில்லை. சம்பத் சார் பெயர் அறிக்கையில் எங்கும் இல்லை. இரண்டு வருடம் கழித்து அவர் பதவி உயர்ந்தார். நான் மருந்துக் கிடங்குக்கு மாற்றப்பட்டேன். அந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு இரண்டாவது கம்பெனியினுடையதைக் கொண்டுவர மூன்று மழைக்காலம் ஆயிற்று. அதற்கு எந்தச் சோதனையும் நடக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

நான் கிடங்குக்கு வந்த முதல் மாதத்தில் ஒரு மத்தியானம், சரசு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பொன்னம்மா, அவர் கணவர். பொன்னம்மா மெலிந்திருந்தார். கணவர் என்னை அடிக்க வந்திருந்தால்கூட எனக்குச் சரியென்று தோன்றியிருக்கும்.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு சீட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று வீட்டில் தேடி எடுத்த பழையது, ஒன்று புதியது. "ரெண்டு நம்பர் இருக்குதுங்க. அடுத்தவாட்டி வந்தா எதைங்க காட்டோணும்?"

நியாயமான கேள்வி. இரண்டு எண்ணையும் ஒன்றாக்க அந்த மென்பொருளில் வழி இல்லை. அந்த வசதி வேண்டும் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை. ஐந்து மாதம், ஏழு பேருடைய ஞாயிற்றுக்கிழமைகள், இரண்டு பெட்டித் தாள்.

"ரெண்டையும் காட்டுங்க" என்றேன். "ஆனா சீட்டை நம்பாதீங்க. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஜன்னல்ல, நர்ஸம்மாகிட்ட, டாக்டர்கிட்ட, எல்லார்கிட்டயும் வாய்விட்டுச் சொல்லுங்க. பெனிசிலின் ஊசி எங்களுக்கு ஆகாதுன்னு. எங்க, சொல்லுங்க."

அவர் தயங்கினார். மருந்தின் பெயர் வாயில் புரளவில்லை. சரசு சொல்லிக்கொடுத்தாள். மெதுவாகச் சொன்னார்.

"நீங்களும் சொல்லுங்கம்மா."

பொன்னம்மா தரையைப் பார்த்துக்கொண்டு, எனக்கே கேட்காத குரலில் சொன்னார்.

"அது பத்தாது. உங்களுக்கு முன்னால பெரிய வரிசை நிக்கும். எல்லாரும் கத்திக்கிட்டிருப்பாங்க. இன்னும் சத்தமா."

மறுபடி சொன்னார். போதாது என்றேன். கணவரும் சேர்ந்துகொண்டார். நான்காவது தடவை இரண்டு பேரும் சொன்னபோது, கிடங்கு வாசலில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்கள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.